பக்கத்து இருக்கையில் மேஸ்திரி

ஓசூரில் பாகலூர் சாலையில் ஷெட் வைத்திருந்த ஒரு மெக்கானிக்கைப் பற்றி அந்த நாளில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள். அவர் கை வைத்த வண்டியில் அவரும் ஏறி உட்கார்ந்து ஒரு நடை போய்வராமல் வண்டியை விடமாட்டார். அவரை எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். ஆறு வருடம் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அவர் ஓட்டிப் பார்ப்பதில்லை. சொந்தக்காரர்தான் ஓட்ட வேண்டும். இவர் செருப்பைக் கழற்றி ஷெட் வாசலில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு இடதுபக்கம் ஏறிக்கொள்வார். ஒரு உள்ளங்கை டாஷ்போர்டின் மேல் இருக்கும். பாதம் இரண்டும் தரையில் அழுந்தி இருக்கும். பேசமாட்டார். நீங்களே ஓட்டிப் பார்த்தால் என்ன என்று என் கணவர் ஒருமுறை கேட்டார்.

"நான் ஓட்டுனா என் ஓட்டத்துக்கு வண்டி சரியா இருக்கும் சார். நாளைக்கு ஓட்டப்போறது நீங்கதான?" என்றார்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. தொழிற்பேட்டையில் மாதத்துக்கு ஒரு கூரை எழும்பிக்கொண்டிருந்தது. வண்டிகளுக்குக் குறைவில்லை. ஒரு நாளைக்கு நான்கு வண்டி முடித்தால் நான்கு முறை அவர் ஷெட்டில் இருக்கமாட்டார். வந்தவர்கள் காத்திருப்பார்கள். ஷெட்டின் ஒரு மூலையில் அவர் மனைவி தையல் மெஷின் போட்டு கார் சீட்டுகளுக்கு உறை தைத்துக்கொண்டிருப்பார். எங்கே போயிருக்கிறார் என்று கேட்டால், "வண்டி எந்தப் பக்கம் போச்சோ அந்தப் பக்கம்" என்பார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். மேஸ்திரிக்கும் அக்காவுக்கும் கெலமங்கலம் சொந்த ஊர். வீட்டில் தெலுங்கு, ஷெட்டில் தமிழ், பெங்களூர்க்காரர்கள் வந்தால் கன்னடம்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு கல்யாண வேன் வந்து ஷெட் வாசலில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. வரும் வழியில் பிரேக் பிடிக்கவில்லை. உள்ளே பெண், பெற்றோர், மாமன்மார். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. மேஸ்திரி இருபது நிமிடத்தில் வேலையை முடித்தார். முடித்த கையோடு, எண்ணெய்ச் சட்டையோடு, டிரைவருக்கும் பெண்ணின் மாமாவுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பட்டு வேட்டி பாழாகிறது என்று மாமா கத்தினார்.

"வேட்டிய தொவச்சிக்கலாங்க. பிரேக்கு நான் பாத்தது. மண்டபம் வரைக்கும் வந்து எறங்கிக்கிறன்."

இறங்கியவர் உடனே திரும்பவில்லை. சாயங்காலம் டவுன் பஸ்ஸில் திரும்பி வந்தபோது நெற்றியில் சந்தனம் இருந்தது.

சிரிக்க முடியாத நாளும் உண்டு. ஒரு முறை சரக்கு லாரி ஒன்றின் கியர் பெட்டியைப் பிரித்துச் சேர்த்துவிட்டு ஏறிப் போனார். டீ குடிக்கிற நேரம்தான் என்று எல்லோரும் நினைத்தோம். மறுநாள் மத்தியானம் நான் என் காரை எடுக்கப் போனபோதும் அவர் வரவில்லை. அக்கா மெஷினில் உட்கார்ந்திருந்தார், ஆனால் மெஷின் ஓடவில்லை. இரண்டு மணிக்கு சேலம் பஸ் ஒன்றிலிருந்து மேஸ்திரி இறங்கினார். தொப்பூர் கணவாயில் கியர் எப்படி விழுகிறது என்று பார்க்கப் போயிருக்கிறார். சாப்பிட்டீர்களா என்று மட்டும் அக்கா அவரிடம் தெலுங்கில் கேட்டார். மேஸ்திரி தலையாட்டினார். பிறகுதான் மெஷின் ஓடத் தொடங்கியது. எனக்கு அங்கே நிற்கவே சங்கடமாக இருந்தது.

பழைய காலத்தில் இவர் பிரேக் பார்த்த வேன் ஒன்று கவிழ்ந்து ஆள் போய்விட்டதாம், அன்றிலிருந்துதான் இப்படி என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. நான் நேராகவே கேட்டேன்.

"யாரோ கட்டி வுட்ட கதைங்க மேடம்," என்றார்.

இனி என் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் தொழிற்பேட்டையில் இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அளவு பார்க்கும் பிரிவில் வேலை செய்தேன். என் கணவருக்கும் அங்கேயே வேலை, வேறு ஷிப்ட். என் அப்பா ஊத்தங்கரையில் டாக்சி ஓட்டியவர். சாமல்பட்டி ஸ்டேஷனுக்கு வரும் சவாரிகளை ஏற்றிக்கொண்டு போவார். எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே வண்டி ஓட்டத் தெரியும். பெங்களூரில் ஒரு டாக்டர் விற்ற பழைய இங்கிலீஷ் காரை என் கணவர் வாங்கியபோது, அதை அவரைவிட நான்தான் அதிகம் ஓட்டினேன்.

அந்தக் காரில் ஒரு விசேஷம். டாக்டர் கார்ப் பைத்தியம் பிடித்தவர். எஞ்சினுக்குப் பக்கத்தில் சீமையிலிருந்து வரவழைத்த சூப்பர்சார்ஜர் ஒன்றை மாட்டியிருந்தார். காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற ஊதல் பெட்டி அது. எஞ்சின் சுற்றும்போது ஒரு பெல்ட் வழியாக அதுவும் சுற்றும். அதன் முனையில் உள்ள புல்லியைச் சின்னதாக மாற்றினால் பெட்டி இன்னும் வேகமாகச் சுற்றும். காற்று கூடும், இழுவை கூடும், சூடும் கூடும். காரின் வயதோ முப்பதுக்கு மேல். மைல் மீட்டர் ஒருமுறை முழுதாகச் சுற்றி மறுபடியும் பூஜ்யத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம், கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்றில் பெங்களூர்க்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை கார்ப் போட்டி வைப்பார்கள். பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. முதல் வருடம் கலந்துகொண்டேன். ஒன்றரை விநாடியில் முதலிடம் போயிற்று. ஜெயித்த பெண்மணி புதுக் கார் வைத்திருந்தார். என் காரின் பானெட்டைத் தட்டிக்கொடுத்து, "இந்த வயசான வண்டிக்கு இதுவே ஜாஸ்தி" என்று சிரித்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அந்தக் கை என் கன்னத்தில் பட்ட மாதிரி இருந்தது. ஒரு வருடம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது மேஸ்திரியிடம் போனேன். பழைய புல்லி நான்கு அங்குலம். மூன்றரையில் ஒன்றும் மூன்றில் ஒன்றுமாக நானே வரைந்து எடுத்துப் போயிருந்தேன். அவர் லேத் பட்டறையில் கொடுத்து இரண்டையும் கடைந்து வாங்கினார். நான் அளந்து பார்த்தேன். அளவில் ஒரு குறையும் இல்லை.

மேஸ்திரி புல்லியைத் தொடவில்லை. முதலில் நான்கு பிளக்கையும் கழற்றினார். ஒவ்வொரு ஓட்டையிலும் அழுத்தமானியை வைத்து, என்னை எஞ்சினைச் சுற்றவிடச் சொன்னார். மற்ற மூன்று சிலிண்டர்களில் முள் ஏறிய உயரத்துக்கு மூன்றாவது சிலிண்டரில் ஏறவில்லை. அதில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மறுபடியும் பார்த்தார். இப்போது முள் ஏறியது.

"பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்குது மேடம். எண்ணெய் ஊத்துனதும் அடைச்சிக்குது பாருங்க. நடு சைஸ் போட்டு, பிளக்குல பொறி வுழற டைமிங்க கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கிட்டா ஓரளவு தாக்குப் புடிக்கும். சின்னது போட்டா பிஸ்டன் ஒடையும்."

"எப்ப உடையும்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் ஷெட்டு வெச்சிருக்கறன்?"

"நடு சைஸ்ல ஒன்றரை விநாடி குறையுமா மேஸ்திரி?"

"கொறையாது," என்றார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"எஞ்சின எறக்கி, சிலிண்டர கடைஞ்சு, புது பிஸ்டன் போட்டா சின்னதப் பத்தி யோசிக்கலாம். ஒரு மாசம் ஓணும்."

"மூணு வாரம்தான் இருக்கு. சின்னதைப் போடுங்க."

என் கணவர் அன்று பக்கத்தில்தான் இருந்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அது என் வண்டி, என் போட்டி என்றேன். அவர் வெளியே போய் நின்றுகொண்டார். மேஸ்திரி அரை நாளில் சின்னப் புல்லியைப் பூட்டி, பெல்ட்டை இழுத்துக் கட்டினார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"நீங்க வரவேண்டாம்," என்றேன். "உடையும்னு நீங்களே சொல்றீங்க. உடைஞ்சா என்னோட போகட்டும்."

"நான் பூட்டுனது மேடம்."

அக்கா மெஷினிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, "சூளகிரி பக்கம் வுடுங்க" என்றார்.

கிருஷ்ணகிரி சாலையில் சூளகிரி தாண்டியதும் மேலுமலை இறக்கம் வரும். இறங்கி, குருபரப்பள்ளியில் திருப்பிக்கொண்டு, அதே ஏற்றத்தில் ஏறிப் பார்ப்பதுதான் எங்கள் திட்டம். இறக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. சமதரையில் கார் பறந்தது. அந்தக் காருக்கு அப்படி ஓர் இழுவை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. மேஸ்திரியின் உள்ளங்கை டாஷ்போர்டின் மேல் அசையாமல் இருந்தது. நல்லா இருக்கா என்று கேட்டேன். ஏற்றத்தில் சொல்கிறேன் என்றார்.

ஏற்றம் தொடங்கி இரண்டாவது வளைவு தாண்டியதும் முன்னால் ஒரு கரும்பு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே சாலை காலியாகத் தெரிந்தது. வலதுபக்கம் ஒடித்து அழுத்தினேன். லாரியின் பின்சக்கரத்துக்கு நேராக வந்தபோது எஞ்சினுக்குள் ஒரு சத்தம் கேட்டது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம்.

"கால எடுங்க மேடம்," என்றார் மேஸ்திரி. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் எடுக்கவில்லை. லாரியைத் தாண்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றுதான் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் மனதில் லாரியே இல்லை. ஓடுதளம்தான் இருந்தது. மூன்று நான்கு விநாடி இருக்கும். மேல் வளைவில் ஒரு பஸ்ஸின் தலை தெரிந்தது. அதே நேரத்தில் எஞ்சினுக்குள் ஏதோ உடைந்தது. இழுவை மொத்தமும் செத்தது. கார் லாரிக்குப் பக்கத்திலேயே தள்ளாடியது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கி வந்தது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. மேஸ்திரியின் குரல்தான் கேட்டது. "பிரேக்கப் புடிங்க. லாரி போவட்டும். இப்ப லெப்ட்ல ஒடிங்க. இன்னும். அவ்ளோதான்." லாரியின் பின்னால் நுழைந்தேன். பஸ் உரசாத குறையாகக் கடந்து போயிற்று. ஓரத்தில் நிறுத்தியபோது பானெட்டின் இடுக்குகளிலிருந்து புகை வந்தது, அதன் பின்னால் மஞ்சளாகத் தீயும் தெரிந்தது.

ஏற்றம் என்பதால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கார் பின்னால் உருளும். கைப்பிரேக் அந்தச் சரிவில் நிற்காது. நான் இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி வெறுங்காலோடு குதித்து, ஒரு கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்குக் கொடுத்தார். "இப்ப எறங்கி ஓடுங்க" என்றார். ஓடினேன். அவர் முன்பக்கம் போய் பானெட்டைத் தூக்கினார். வெளியே பீய்ச்சிய எண்ணெய் சூட்டில் பற்றியிருந்தது. பெட்ரோல் குழாய் அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவர் வலது கையை உள்ளே விட்டு அந்தக் குழாயைப் பிடுங்கி, மடக்கிப் பிடித்துக்கொண்டார். இடது கையால் ரோட்டோர மண்ணை அள்ளி அள்ளிப் போட்டார். பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஈரச் சாக்கோடு ஓடி வரும்வரை வலது கையை அவர் எடுக்கவில்லை.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் முழங்கை வரை கட்டுப் போட்டார்கள். சாயங்காலம் என் கணவர் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா கட்டைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சத்தம் வந்திருக்குமே. இவரு சொல்லியிருப்பாரே. கால எடுத்தீங்களா?"

கட்டிலிலிருந்து மேஸ்திரி முந்திக்கொண்டார். "சொன்னதும் எடுத்துட்டாங்க. அதுக்குள்ளாற ஒடைஞ்சிருச்சி."

நான் வாயைத் திறக்கவில்லை. எத்தனையோ தவறு செய்திருக்கிறேன். அந்த வார்டில் நான் பேசாமல் நின்றதைப் போல எதுவும் என்னை அரித்ததில்லை.

போட்டி நான் இல்லாமல் நடந்து முடிந்தது. அவர் கையில் தோல் வளர்ந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் மடங்காமல் நின்றுவிட்டன. என் காரை ஷெட்டுக்கு இழுத்து வந்து போட்டிருந்தோம். பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. என் கணவரும் நானும் ஷிப்ட் முடிந்து போவோம். இரண்டு கையும் வேண்டிய இடத்தில் நாங்கள் பிடித்துக்கொள்வோம். எஞ்சினை இறக்கி, மூன்றாவது பிஸ்டனைத் துண்டு துண்டாக வெளியே எடுத்தோம். சிலிண்டர்களைக் கடைந்து புது பிஸ்டன்கள் போட்டோம். அக்கா அந்த நாட்களில் என்னோடு பேசவில்லை. டீ வரும்போது எனக்கும் ஒரு டம்ளர் வரும்.

கடைசியில் புல்லி. பழையதையே மாட்டிவிடுங்கள் என்றேன்.

"எதுக்குங்க? இப்ப நடு சைஸ் நல்லாவே தாங்கும். அன்னைக்கி எஞ்சினு வேற, இன்னைக்கி வேற." மூன்றரை அங்குலப் புல்லியை எடுத்துப் பூட்டச் சொன்னார். பூட்டினோம். அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினார்.

மெஷின் நின்றது. அக்கா எழுந்து வந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, காரின் இடதுபக்கக் கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். மேஸ்திரி தெலுங்கில் ஏதோ சொன்னார். அக்கா அவரைப் பார்க்காமல் என்னிடம், "ஓட்டுங்க" என்றார்.

"அக்கா, வேண்டாம்."

"ஏன், எனக்கு வண்டியில உக்காரத் தெரியாதா? இந்த சீட்ட தெச்சதே நான்தான். ஓட்டுங்க. அன்னைக்குப் போன எடத்துக்கே போங்க."

சூளகிரி தாண்டி மேலுமலை இறங்கினோம். குருபரப்பள்ளியில் வண்டியைத் திருப்பினேன். ஏற்றம் தொடங்கியது. இரண்டாவது வளைவில் முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. நான் அதன் பின்னாலேயே போனேன். அந்த ஓரத்து மண்ணில் எண்ணெய்க் கறை இன்னும் இருந்தது.

"அக்கா," என்றேன். "அன்னைக்கு நான் காலை எடுக்கல. அவர் சொன்னார். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. எடுக்கல."

அவர் கண்ணாடி வழியாக முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும். நான் கேட்டது உங்கள. பதில் சொன்னது அவரு. அப்பவே தெரியும். நீங்களே சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தன்," என்றார்.

என் கண்ணில் சாலை மங்கியது. நிறுத்தட்டுமா என்று கேட்டேன்.

"நிறுத்த வேணாம். லாரியத் தாண்டுங்க. ரோடு காலியா இருக்குது."

தாண்டினேன். எஞ்சின் சீராக இழுத்தது. உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. அக்கா இரண்டு கையாலும் சீட்டின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தார். மேலே வந்து சமதரை தெரிந்ததும்தான் விட்டார்.

பாகலூர் சாலைக்குத் திரும்பியபோது மேஸ்திரி ஷெட்டுக்குள் இல்லை. ரோட்டில் நின்றிருந்தார். வெயிலில், வெறுங்காலோடு, நாங்கள் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு. ஷெட்டில் இரண்டு வண்டிகள் பிரித்த நிலையில் அப்படியே கிடந்தன. நாங்கள் போனதிலிருந்து ஒரு ஸ்பேனரைக்கூட அவர் தொடவில்லை என்று என் கணவர் பிறகு சொன்னார். வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்தி, மேலுமலையில் கார் ஏதாவது நிற்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

அக்கா இறங்கினார். மேஸ்திரி வண்டி எப்படி இழுத்தது என்று என்னிடம் கேட்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார்.

"இவ்ளோ நேரமா?" என்றார்.

"ரெண்டு மணி நேரந்தான் ஆச்சி," என்றார் அக்கா. "எனக்குப் பதினாலு வருசம்."

மேஸ்திரி போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். என் கணவர் டீ டம்ளரை நீட்டினார். அவர் நல்ல கையால் வாங்கி, குடிக்காமல் பெஞ்சின் மேலேயே வைத்துவிட்டார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. என் காரின் பானெட்டைத் திறந்து, எந்தக் காரணமும் இல்லாமல் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் ஒரு பால் வேன் தயாரானது. அதன் சொந்தக்காரர் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, வழக்கப்படி இடதுபக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மேஸ்திரி எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்று மெஷின் பக்கம் பார்த்தார். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலேயே, "போய்ட்டு வாங்க" என்றார்.

மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். வேன் நகர்ந்தது. பத்தடி போனதும் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினார்.

"மத்திகிரி வரைக்குந்தான்," என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். "அரை மணி நேரத்துல வந்துர்றன்."